சிடிஎக்ஸ் கூடிவிட்டது, அம்மா மறுபடி விழுவாரா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ரத்தப் பரிசோதனையில் சிடிஎக்ஸ் அதிகம் என்று வந்திருக்கிறது. ஆஸ்டியோகால்சினும் பார்த்துவிடச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழைய எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைத்தான் சிடிஎக்ஸ் காட்டும். அம்மாவின் கால் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. ஆஸ்டியோகால்சின் என்பது எலும்பில் உருவாகும் ஒரு புரதம். அதற்கும் தசை வலுவுக்கும் தொடர்பு தேடி ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் அந்த அளவை வைத்து உங்கள் அம்மாவுக்கு எந்த முடிவும் எடுக்க முடியாது.

சிடிஎக்ஸுக்குக் காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டால் அளவு மாறும். 'முழு எலும்புப் பரிசோதனை' என்று பத்துப் பதினைந்து எண்களை மூட்டை கட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. தாளில் ஒரு சிவப்பு எழுத்து வந்ததும் அடுத்த மூட்டையை நீட்டுவார்கள், அப்புறம் பெரிய அளவு வைட்டமின் டி. ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதை வாங்கிக்கொண்ட முதிய பெண்கள்தான் அதிகம் விழுந்தார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை தொடங்கப் போகிறார் என்றால் சிடிஎக்ஸ் உதவும். தொடங்கும் முன் ஒரு முறை, மூன்று முதல் ஆறு மாதம் கழித்து ஒரு முறை. அதே ஆய்வகம், அதே காலை நேரம். ஆய்வகம் மாறினால் ஒப்பிடவே முடியாது. அளவு நன்றாக இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. இறங்காவிட்டால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

சரி, விழுவதைப் பற்றி? வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இதைச் செய்து பார்க்க மருத்துவமனையில் நேரமில்லை என்பார்கள். நாற்காலிக்குக் கமிஷன் கிடையாதே!

எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை உண்டா, கண்புரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த விநாடிக் கணக்கையும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கால் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள்.