கேள்வி-பதில்: ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வந்தால் என்எம்மை ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: சி மொழியில் இரண்டு ஃபைல் வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். தனித்தனியாக கம்பைல் பண்ணினால் ஒரு எரரும் இல்லை. சேர்க்கும்போது மட்டும் ‘டோட்டல்’ என்ற ஃபங்ஷனுக்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்கிறது. ஃபங்ஷன் கண் முன்னால் இருக்கிறது, ஹெடரையும் இன்க்ளூட் பண்ணியிருக்கிறேன். நண்பர் ‘என்எம் போட்டுப் பார்’ என்றார். போட்டேன், வந்தது புரியவில்லை. (கல்லூரி மாணவி)

பதில்: நண்பர் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறார். முதலில் ஒன்று: இந்த எரரைச் சொன்னது கம்பைலர் இல்லை, லிங்கர். கம்பைலருக்கு ஹெடர் போதும். ‘டோட்டல் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது, இத்தனை ஆர்க்யுமென்ட் வாங்கும்’ என்று ஹெடர் சொன்னால் அது நம்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த ‘எங்கேயோ’ எங்கே என்று தேடுவது லிங்கரின் வேலை, லிங்கர் உங்கள் சோர்ஸ் கோடைத் திறந்துகூடப் பார்க்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆப்ஜெக்ட் ஃபைலில் (உங்கள் ஃபைலை கம்பைல் பண்ணினால் கிடைப்பது) இருக்கிற சிம்பல் டேபிள்தான், அதாவது ஃபங்ஷன், வேரியபிள் பெயர்களின் பட்டியல். அந்த டேபிளை நம் கண்ணுக்குக் காட்டுவதுதான் என்எம். 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இருக்கிற கருவி, இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் மெயின் ஃபைலின் ஆப்ஜெக்ட்டில் போட்டிருந்தால் இப்படி வந்திருக்கும்:

0000000000000000 பெரிய டீ மெயின்
(முகவரி காலி) பெரிய யூ புட்ஸ்
(முகவரி காலி) பெரிய யூ டோட்டல்

மூன்று பத்தி. முதலில் முகவரி, நடுவில் ஒரே ஒரு எழுத்து (‘பெரிய’ என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து), கடைசியில் பெயர். நடுவில் இருக்கிற அந்த எழுத்துதான் எல்லாமே. டெக்ஸ்ட், அதாவது கோடு இருக்கிற பகுதியில் இருந்தால் டீ. முதலிலேயே மதிப்பு கொடுத்த குளோபல் வேரியபிள் என்றால் டேட்டாவின் டி. மதிப்பு கொடுக்காத, பூஜ்ஜியத்தில் தொடங்குகிற வேரியபிள் பி. மாற்ற முடியாத தரவு ஆர். (ஆங்கிலத்தில் குழப்பம் இல்லை, தமிழில் எழுதும்போது டெக்ஸ்ட்டுக்கு டீ, டேட்டாவுக்கு டி என்று நெடில் குறில் பார்த்துக்கொள்ளுங்கள்.) யூ என்றால் ‘நான் கூப்பிடுகிறேன், ஆனால் என்னிடம் இல்லை, வேறு யாராவது கொடுங்கள்’ என்று அர்த்தம். ஆக ஒரு ஃபைலில் யூ இருந்தால் இன்னொரு ஃபைலிலோ லைப்ரரியிலோ அதே பெயருக்கு ஒரு பெரிய டீ இருந்தே ஆக வேண்டும்.

நீங்கள் பிரிண்ட்எஃப் எழுதியிருக்க, பட்டியலில் புட்ஸ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வெறும் வாசகத்தை அச்சடித்து அடுத்த வரிக்குப் போகிற பிரிண்ட்எஃப்பை ஜிசிசி கம்பைலர் தானாகவே புட்ஸ் என்கிற எளிய ஃபங்ஷனாக மாற்றிவிடும். நாம் எழுதியதற்கும் ஆப்ஜெக்ட் ஃபைலில் போய் உட்கார்ந்ததற்கும் வித்தியாசம் இருக்கும் என்பதற்கு இதைவிடப் பளிச்சென்று ஓர் உதாரணம் கிடைக்காது.

இப்போது இரண்டாவது ஃபைல். நீங்கள் அனுப்பிய கோடை அப்படியே கம்பைல் பண்ணி என்எம் ஓட்டினால் வருவது இது:

0000000000000018 பெரிய டீ பில்_பிரிண்ட்
0000000000000000 சின்ன டீ டோட்டல்

கடைசி வரியைப் பாருங்கள், டீ சின்ன எழுத்து. பெரிய எழுத்து என்றால் வெளியாருக்கும் தெரிகிற சிம்பல், சின்ன எழுத்து என்றால் அந்த ஃபைலுக்குள் மட்டும். டோட்டலுக்கு முன்னால் ‘ஸ்டேடிக்’ என்று போட்டிருக்கிறீர்கள், அதுதான் விஷயம். பில்_பிரிண்ட் அதே ஃபைலில் இருப்பதால் அதனால் கூப்பிட முடிகிறது, மெயினால் முடியவில்லை. ஸ்டேடிக்கை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும். இன்னொன்று, ஆப்டிமைஸேஷன் போட்டு கம்பைல் பண்ணினால் இந்த மாதிரி குட்டி ஸ்டேடிக் ஃபங்ஷனை கம்பைலர் கூப்பிடுகிற இடத்திலேயே கரைத்துவிட்டு, சின்ன டீ கூட இல்லாமல் பண்ணிவிடும். அப்போது ‘ஃபங்ஷனே காணோமே’ என்று பதற வேண்டாம்.

கேள்வி: யாரோ எழுதிய சி லைப்ரரியை என் சி பிளஸ் பிளஸ் புரோகிராமில் பயன்படுத்துகிறேன். லைப்ரரியில் என்எம் போட்டால் ‘ஆட்’ என்ற ஃபங்ஷன் பெரிய டீயோடு இருக்கிறது. ஆனாலும் லிங்கர் ‘ஆட் இல்லை’ என்று அடம்பிடிக்கிறது. நீங்கள் சொல்கிற கணக்குப்படி இது வேலை செய்ய வேண்டுமே?

பதில்: ஒரு பக்கம் மட்டும் பார்த்தீர்கள். கூப்பிடுகிற பக்கத்திலும் என்எம் ஓட்டுங்கள். உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைலில் யூவுக்குப் பக்கத்தில் ‘ஆட்’ இருக்காது, ‘_இசட்3ஆட்ஐஐ’ என்கிற மாதிரி ஒன்று இருக்கும். சி பிளஸ் பிளஸில் ஒரே பெயரில் பல ஃபங்ஷன் வைக்கலாம் அல்லவா, அவற்றைப் பிரித்துக் காட்ட கம்பைலர் ஆர்க்யுமென்ட் வகையையும் பெயருக்குள்ளேயே திணித்துவிடும். அடிக்கோடும் இசட்டும் ‘இது மாற்றப்பட்ட பெயர்’ என்பதற்கு அடையாளம், ஆட் என்பதில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து இருப்பதால் 3, பின்னால் வருகிற இரண்டு ஐயும் இரண்டு இன்ட். லிங்கருக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். லைப்ரரியில் இருப்பது வெறும் ‘ஆட்’, நீங்கள் கேட்பது ‘_இசட்3ஆட்ஐஐ’. எப்படிப் பொருந்தும்?

தீர்வு: அந்த ஹெடரை ‘எக்ஸ்டர்ன் சி’ என்று அறிவித்து அடைப்புக்குறிக்குள் இன்க்ளூட் பண்ணுங்கள். பிறகு மறுபடி கம்பைல் பண்ணி என்எம் ஓட்டினால் யூவுக்குப் பக்கத்தில் சாதாரண ‘ஆட்’ நிற்கும்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். என்எம்முக்கு சிறுகோடும் பெரிய சியும் கொடுத்தால் இந்தக் கோணல் பெயர்களை மனிதர் படிக்கிற மாதிரி ‘ஆட்(இன்ட், இன்ட்)’ என்று பிரித்துக் காட்டும். ரொம்ப வசதி. ஆனால் லிங்க் பிரச்சினையைத் துரத்தும்போது ஒரு தடவை அது இல்லாமலும் பாருங்கள், ஏனென்றால் லிங்கர் ஒப்பிடுவது அழகுபடுத்தாத பெயரைத்தான். பெயருக்கு நடுவே ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்று தென்பட்டால் அது வேறு கதை: 2015-ல் வந்த ஜிசிசி 5-ல் ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பை மாற்றினார்கள், பழைய அமைப்பில் கம்பைல் ஆன லைப்ரரியும் புதிய அமைப்பில் கம்பைல் ஆன புரோகிராமும் ஸ்ட்ரிங் வாங்குகிற ஃபங்ஷன்களில் ஒட்டாது. இரண்டையும் ஒரே அமைப்பில் கம்பைல் பண்ணினால்தான் வழி.

கேள்வி: ஆப்ஜெக்ட் ஃபைலில் எல்லா ஃபங்ஷனுக்கும் முகவரி பூஜ்ஜியம் என்றே வருகிறது. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா?

பதில்: இல்லை. லிங்க் ஆகாத ஃபைலில் ஒவ்வொரு பகுதியும் பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணப்படும், உண்மையான இடத்தை லிங்கர் பிற்பாடு ஒதுக்கும். எல்லாமே பூஜ்ஜியம் என்றால் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனிப் பகுதியில் போடச் சொல்லி கம்பைல் பண்ணியிருப்பீர்கள். வேண்டாததைக் கடைசியில் கழற்றிவிட அப்படிச் செய்வது வழக்கம்.

கேள்வி: பல வருடமாகச் சிக்கலில்லாமல் கம்பைல் ஆன ஒரு பழைய சி புராஜெக்ட். புது மெஷினில் போட்டதும் ‘கவுன்ட்’ என்ற வேரியபிளுக்கு ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று பத்துப் பதினைந்து எரர். கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கம்பைலரில் கோளாறா?

பதில்: கோளாறு கோடில்தான், இத்தனை நாள் மறைந்திருந்தது. ஹெடரில் ‘இன்ட் கவுன்ட்’ என்று ‘எக்ஸ்டர்ன்’ போடாமல் எழுதியிருப்பார்கள். அந்த ஹெடரைச் சேர்க்கிற ஒவ்வொரு ஃபைலும் சொந்தமாக ஒரு கவுன்ட் வைத்துக்கொள்கிறது. பழைய ஜிசிசியில் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் மிச்சமிருந்தால் என்எம் போடுங்கள், கவுன்ட்டுக்கு நேரே பெரிய சி இருக்கும். அது ‘காமன்’, அதாவது யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம், லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அந்த வரியில் முதல் பத்தியில் இருப்பது முகவரிகூட இல்லை, அளவு. இன்ட் என்பதால் 4 என்று நிற்கும். 2020-ல் வந்த ஜிசிசி 10 இந்தச் சலுகையை இயல்புநிலையில் நிறுத்திவிட்டது. இப்போது அதே வேரியபிள் ஒவ்வொரு ஃபைலிலும் பெரிய பி ஆக நிற்கிறது, ஒரே பெயரில் பல பி இருந்தால் லிங்கர் விடாது.

இந்த மாற்றம் நல்லது என்றே நான் நினைக்கிறேன். பழைய முறையில் ஒரு ஃபைலில் கவுன்ட்டை இன்ட் என்றும் இன்னொன்றில் டபுள் என்றும் எழுதியிருந்தாலும் லிங்கர் சத்தமில்லாமல் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிடும். அப்புறம் மதிப்பு ஏன் தாறுமாறாக மாறுகிறது என்று ராத்திரி பூரா தேட வேண்டியதுதான். ஹெடரில் எக்ஸ்டர்ன் சேருங்கள், ஏதாவது ஒரே ஒரு சி ஃபைலில் உண்மையான அறிவிப்பை வையுங்கள். எந்தெந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்க்க, சிறுகோடும் பெரிய ஏவும் போட்டு எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் என்எம் ஓட்டினால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஃபைல் பெயர் வரும், அதை கிரெப் என்கிற தேடல் கருவியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கம்பைலருக்கு ‘எஃப்காமன்’ கொடுத்துப் பழையபடி ஓட்டவும் முடியும், அவசரத்துக்கு மட்டும்.

கேள்வி: சிஸ்டமில் இருக்கிற ஒரு புரோகிராமில் என்எம் போட்டால் ‘நோ சிம்பல்ஸ்’ என்கிறது. சிம்பலே இல்லாமல் அது எப்படி ஓடுகிறது?

பதில்: ஓடுவதற்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை, அதனால் பேக்கேஜ் செய்கிறவர்கள் ‘ஸ்ட்ரிப்’ போட்டு நீக்கிவிடுவார்கள். ஆனால் லினக்ஸில் இஎல்எஃப் ஃபைலுக்குள் (அங்கே புரோகிராம்கள் இருக்கிற ஃபைல் வடிவம்) இரண்டு சிம்பல் டேபிள் உண்டு. நீக்குவது முழுப் பட்டியலை. ஷேர்டு லைப்ரரியோடு (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற லைப்ரரி) ஓடும்போது இணையத் தேவையான டைனமிக் டேபிளில் கை வைக்க முடியாது. சிறுகோடும் பெரிய டியும் (டைனமிக்கின் டி) போட்டு மறுபடி ஓட்டுங்கள், பட்டியல் வரும்.

அந்தப் பட்டியலில் சில பெயருக்குப் பின்னால் ‘ஜிலிப்சி_2.34’ என்கிற மாதிரி ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி, ஒட்டியிருப்பது சிம்பலின் பதிப்பு. புது மெஷினில் கம்பைல் பண்ணி பழைய சர்வரில் கொண்டுபோய் ஓட்டினால் ‘வெர்ஷன் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுபோகிறதே, அதற்குக் காரணம் இங்கேதான் எழுதியிருக்கிறது. 2021-ல் வந்த ஜிலிப்சி 2.34-ல் புரோகிராமைத் தொடங்கிவைக்கிற ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு கொடுத்தார்கள், அதனால் மெயின் மட்டும் இருக்கிற புரோகிராம்கூட அங்கே கம்பைல் ஆனால் 2.34 கேட்கும். ஆதரிக்க வேண்டிய சிஸ்டங்களிலேயே எது பழையதோ அதில் கம்பைல் பண்ணுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். என் ஆப்ஜெக்ட்டில் யூ, லைப்ரரியில் பெரிய டீ, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அப்படியும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்!

பதில்: கட்டளையில் லைப்ரரியை எங்கே எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் ஆப்ஜெக்ட்டுக்கு முன்னால் என்றால் அதுதான் காரணம். ஸ்டேடிக் லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் ஃபைல் அடங்கிய ஒரு கட்டு. லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துப் போகும்போது, அந்த நொடி வரைக்கும் யூவாக நிலுவையில் இருக்கிற பெயர்களைத் தீர்க்கிற உறுப்புகளை மட்டும் உருவிக்கொள்ளும். உங்கள் ஃபைலைப் படிக்கும் முன்பே லைப்ரரி வந்தால் நிலுவையில் ஒன்றுமே இல்லை, எதையும் எடுக்காமல் கடந்துவிடும், திரும்பி வராது. லைப்ரரிகளைக் கட்டளையின் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டு லைப்ரரி ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் முதலாவதை இன்னொரு தடவை கடைசியில் எழுதலாம்.

வரிசையும் சரி என்றால் லிங்கர் சொன்ன மற்ற வரிகளையும் படியுங்கள். 32 பிட்டில் கம்பைல் ஆன லைப்ரரியை 64 பிட்டோடு சேர்க்கப் பார்த்தால் ‘ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்’ என்று ஒரு வரி மேலே எங்கேயாவது இருக்கும். கடைசி எரரை மட்டும் பார்க்கிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரில் மெமரி பத்தவில்லை. எது இடத்தை அடைக்கிறது என்று என்எம்மில் தெரியுமா?

பதில்: தெரியும். சிறுகோடும் பெரிய எஸ்ஸும் போட்டால் ஒவ்வொன்றின் அளவும் வரும், ‘சைஸ்-சார்ட்’ சேர்த்தால் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக் காட்டும், ‘ரேடிக்ஸ்’ ஆப்ஷனில் டி கொடுத்தால் பதின்ம எண்ணில். பட்டியலின் கடைசிப் பத்து வரியைப் பாருங்கள். பெரிய டீயும் ஆரும் பொதுவாக ஃபிளாஷில் இருக்கும், பி ரேமை மட்டும் தின்னும். டேட்டாவின் டி இரண்டிலும் இடம் பிடிக்கும், தொடக்க மதிப்பு ஃபிளாஷில் இருந்து ரேமுக்கு நகல் ஆக வேண்டுமே. மாறவே மாறாத ஒரு பெரிய அட்டவணை டி வரிசையில் நின்றால், ‘கான்ஸ்ட்’ சேர்த்து கம்பைல் பண்ணி மறுபடி என்எம் போட்டுப் பாருங்கள். பல சிப்களில் அது ஆர் ஆகி, ரேமில் அத்தனை பைட்டும் காலியாகியிருக்கும்.