பால் பற்றவில்லை என்று முடிவு செய்வது யார்?

கேள்வி: என் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறது. சிசேரியன் முடிந்து வீடு திரும்பும்போது மருத்துவமனை தந்த சீட்டிலேயே ஒரு பவுடர் பாலின் பெயர் எழுதியிருந்தது. மாலையானால் குழந்தை ஓயாமல் அழுவதால், பால் பற்றவில்லை என்கிறார் மாமியார். இன்னும் மூன்று மாதத்தில் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குத் திரும்ப வேண்டும். இப்போதே புட்டிப்பாலுக்குப் பழக்கிவிடலாமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தில் மருத்துவமனையும் மாமியாரும் அலுவலகமும் பேசுகிறார்கள், குழந்தையின் எடை பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. நாளொன்றுக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் சீராக ஏறிவருமானால் பால் போதுகிறது என்றே பொருள். மாலையில் அடிக்கடி பால் கேட்டு அழுவது பல குழந்தைகளின் இயல்பு. தொடக்கத்தில் இருந்த மார்புக் கனம் இப்போது குறைந்திருந்தாலும் அது பால் வற்றியதன் அடையாளமன்று. குழந்தை சப்பச் சப்பத்தான் சுரப்பு நிலைக்கும் என்பதால், அழும்போதெல்லாம் புட்டியைக் கொடுத்தால் சுரப்பு குறைந்து, மாமியார் இன்று சொல்வது சில வாரங்களில் உண்மையாகவே ஆகிவிடும். எடை ஏறாமல் மருத்துவரே பவுடர் பால் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அதில் குறைபட ஒன்றுமில்லை.

தாய்மாருக்குப் பவுடர் பாலை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி வழங்குவதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கும் நாட்டில், காரணம் சொல்லாமல் சீட்டில் எழுதப்பட்ட ஒரு பெயரை நீங்கள் மருந்தாகக் கருத வேண்டியதில்லை.

உண்மையான நெருக்கடி வேலைதான். 2017 முதல் முதலிரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. 50 பேருக்குக் குறையாத நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து, தாய் நாளுக்கு 4 முறை அங்கு சென்றுவர அனுமதிக்க வேண்டும். ஆனால், காலை நெரிசலில் கைக்குழந்தையோடு மெட்ரோ ஏறுவது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே, வேலைக்குத் திரும்புவதற்குச் சில வாரங்கள் முன்பே பாலைப் பீய்ச்சி வைத்துப் பழகுங்கள். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் அது 4 மணி நேரமும், குளிர்பெட்டியில் 4 நாளும் கெடாது. அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். புட்டி இல்லாமலே சங்கில் புகட்டலாம், அந்தப் பொறுப்பை மாமியாரிடமே விடலாம். 14-ஆவது வாரத் தடுப்பூசிக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எடைக் கணக்கை மருத்துவர் சொல்லவே அவர் கேட்கட்டும்.