மாத்திரை வேண்டாம், மாதக் கணக்கு வேண்டும்

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம். வீட்டில் 6 பேர். தை, மாசியில் சொந்த நெல்லை அரைத்து 200 கிலோ அரிசியும், சித்திரையில் 10 கிலோ முழு உளுந்தும் வருஷத்துக்கு எடுத்து வைக்கிறோம். ரேஷன் அரிசி தனி. ஐப்பசி பிறந்தால் எல்லாவற்றிலும் வண்டு. டிரம்மின் அடியில் கட்டி, மக்கிய வாடை. வாரா வாரம் கொட்டிப் புடைத்தே பொழுது போகிறது. மாமியார் வேப்பிலை போடச் சொல்கிறார். கடையில் இரண்டு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்து டிரம்மில் போடச் சொன்னார்கள். போடலாமா? சாமான்களை ஒழுங்காக வைக்க எளிய வழக்கம் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: போடவே கூடாது. மற்றதைப் படிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். அந்த மாத்திரை வீட்டுக்குள் இருந்தால் வெளியே கொண்டுபோய், குழந்தைகளும் ஆடு மாடும் அண்டாத, காற்றோட்டமான, மழை படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் படக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. பிறகு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போன் செய்து, இப்படி ஒன்று கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஏற்கெனவே டிரம்மில் போட்டிருந்தால், நீங்களாகத் தேடி எடுக்க வேண்டாம். கதவு, சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, நெஞ்சடைப்பு இருந்தால் 108.

வண்டு மாத்திரை என்று விற்கப்படுவது பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியேறும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். கிடங்குகளில் மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, ஒரு டன்னுக்கு 3 மாத்திரை என்ற கணக்கில் வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாமல் நாள்கணக்கில் பூட்டிப் போடுவார்கள். உங்கள் டிரம்மில் 50 கிலோ அரிசி இருக்கும்போது 2 மாத்திரை போட்டால் டன்னுக்கு 40 என்று ஆகும். அதுவும் பக்கத்து அறையில் பிள்ளைகள் படுத்திருக்கிற வீட்டில். இந்த வாயு மூக்கில் ஏறினால் அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடை போல இருக்கும் என்பார்கள்; வாடை வரவில்லை என்பதை நம்பி உள்ளே இருக்க முடியாது. அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களும் தவிர வேறு யாரும் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்பதுதான் விதி. விதி தாளில் இருக்கிறது, மாத்திரை சில்லறையாகக் கைக்கு வருகிறது. விற்றவரை யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்த பிறகு இரண்டு நாள் சோதனை நடக்கும், அப்புறம் பழைய கதைதான். இந்த அலட்சியத்தைப் பார்க்கும்போது பொறுக்க முடியவில்லை. "எங்கள் வீட்டில் பத்து வருஷமாகப் போடுகிறோம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி வண்டுக்கு வருவோம். வாரா வாரம் புடைத்தும் ஏன் தீரவில்லை? நீங்கள் முறத்தில் தட்டி விரட்டுவது வளர்ந்த வண்டை மட்டும். மூக்கு நீண்ட அரிசி வண்டு, அரிசியில் துளை போட்டு உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று உள்ளேயே வளர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது நல்ல அரிசி. நம் ஊர்ச் சூட்டில் முட்டை வண்டாகி வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 300 முட்டை வரை இடும். ஆக, வாரம் ஒருமுறை புடைப்பதால் பலன் குறைவு. திறந்த அரிசி ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் நிற்கக் கூடாது. உங்கள் வீட்டு ஒழுங்கு முழுவதையும் இந்த ஒரு கணக்கின் மேல் கட்டிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஈரம். டிரம்மின் அடியில் கட்டி விழுவதும் மக்கிய வாடை வருவதும் வண்டால் மட்டும் அல்ல. அரிசி காயாமல் உள்ளே போயிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை நெல்லை ஏற்கிறார்கள் என்பதால், அதே நெல் வீட்டுக்கும் போதும் என்று டெல்டாவில் பலர் நினைக்கிறார்கள். போதாது. வீட்டில் மாதக்கணக்கில் வைக்க 14-க்குக் கீழே வர வேண்டும். கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. தூள் உப்பை வாணலியில் வெறுமனே வறுத்து ஆறவிடுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி, அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. மூடி போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, 15 நிமிஷம் அசையாமல் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டி வெள்ளைப் படலமாக நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். பொலபொலவென்று கீழே உதிர்ந்து கிடந்தால் உள்ளே வைக்கலாம். மழை நாளில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், உப்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஈரம் இருந்தால் அரிசியை வெயிலில் கொட்டாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் மணி வெடித்து, சோறு வடிக்கும்போது பாதி நொய்யாகப் போகும். பருத்தி வேட்டியை விரித்து ஒரு விரற்கடை கனத்தில் பரப்பி, நிழலில், மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள். இடையில் கையால் துழாவிவிடுங்கள்.

காய்ந்த 200 கிலோவை ஒரே டிரம்மில் கொட்டுவதுதான் உங்கள் தொல்லைக்கு வாசல். தினமும் திறந்து மூடினால் காற்றும் ஈரமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 20 கிலோவாக 10 பையாகப் பிரியுங்கள். தடித்த பிளாஸ்டிக் உள்பை, வெளியே சாக்கு. கேரி பேக் போன்ற மெல்லிய பையை வண்டு துளைத்துவிடும். பையில் அரிசியை நெருக்கிக் குலுக்கி நிரப்பி, மேலே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி மடக்கி இரட்டைக் கட்டாகக் கட்டுங்கள். உள்ளே ஒன்றிரண்டு வண்டு இருந்தாலும் இருக்கிற காற்றைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு அடங்கிவிடும். டிரம்முக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்து மூடினால் காற்று தீர்ந்து வண்டு செத்துவிடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்கும் ஆக்சிஜன் 16 பங்குக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். வண்டுக்கு அது தாராளம்.

பைகளில் அரைத்த மாதத்தை எழுதி, எலி கடிக்காத இடத்தில் அடுக்குங்கள். பழைய வீடாக இருந்து, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் சும்மா கிடந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. தரையில் வைப்பதானால் மரப்பலகை போட்டு, தரைக்கு மேல் ஒரு சாண், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்ட் தரையும் சுவரும் ஈரத்தை விடும், சாக்கு அதை உறிஞ்சும். அரிசியாக வைக்காமல் நெல்லாக வைத்து அவ்வப்போது அரைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. உமி உடையாத நெல்லுக்குள் அரிசி வண்டு எளிதில் நுழையாது. ஆனால் ஒரு மூட்டை, இரண்டு மூட்டையை அரைத்துத் தரும் சின்ன மில்கள் பல ஊர்களில் மூடிவிட்டன, அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல முடியவில்லை.

ஒரு பையைப் பிரித்தால் முழுவதும் சமையலறை டின்னுக்குப் போக வேண்டும். மீதியைத் திரும்பக் கட்டி வைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி ஆகும் என்று வைத்தால், மாதத்துக்கு 37, 38 கிலோ. அதில் சொந்த அரிசி 17, 18 கிலோ செலவாகும், மீதி ரேஷன். ஆக ஒரு பை ஒரு மாதத்தை ஒட்டி வந்துவிடும். பை பிரிப்பது மழை விட்ட நாளில், உச்சி வெயில் நேரத்தில் இருக்கட்டும்.

இதில் பெரும்பாலான வீடுகளில் ஒரு பிழை நடக்கிறது. அரிசிப் பாத்திரம் காலியாகக் கூடாது என்று, அடியில் இரண்டு படி இருக்கும்போதே புது அரிசியை மேலே கொட்டுகிறார்கள். அடியில் கிடப்பது வருஷக்கணக்கில் அடியிலேயே கிடக்கிறது. வண்டு அங்கேதான் குடியிருக்கிறது. வழக்கத்தை விட வேண்டாம். புதுப் பை பிரிக்கிற நாள் காலையில் அடி அரிசியை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, டின்னைத் துடைத்து, மூடியின் இடுக்கிலும் விளிம்பு மடிப்பிலும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, இரண்டு மணி நேரம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிறகு புதுப் பையைக் கொட்டி, எடுத்து வைத்த அரிசியை அன்றைக்கே உலையில் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு நாழிகை கூட அரிசி இல்லாமல் இருக்காது, உங்கள் மாமியாருக்கும் மனம் நோகாது. வேப்பிலை பற்றி அவர் சொன்னதும் தவறில்லை. ஆனால் சருகாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும். இலை வண்டை விரட்டும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது.

உளுந்தின் கதை வேறு. அதில் வருவது பயறு வண்டு, வயலிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டு மூட்டையோடு வீட்டுக்கு வருகிறது. ஒரு கை உளுந்தை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புத் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. உருண்டைத் துளை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. அரிசிக்கு ஆகாத வெயில் உளுந்துக்கு மருந்து. சித்திரை, வைகாசியில் கறுப்புத் தார்ப்பாய் விரித்து, உளுந்தை ஒரு விரற்கடை கனத்தில் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். காலை 10 முதல் மாலை 3 வரை, இரண்டு நாள். முட்டையும் புழுவும் உள்ளேயே வெந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள் வியர்க்கும். இன்னும் எளிதாக முடிக்க வேண்டுமானால் உடைத்து வைத்துவிடுங்கள், உடைத்த பருப்பில் பயறு வண்டு அதிகம் பெருகாது. துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசிறினால் போதும்.

ஆனால் விதை உளுந்து. தையில் நெல் தரிசில் தெளிக்க ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடுத்து வைப்பீர்களே, அதற்கு மேலே சொன்ன பிளாஸ்டிக் முறை ஆகாது. சூடு ஏறினால் முளைப்புத் திறன் போய்விடும் அபாயம் உண்டு. விதையைத் திறந்த வெயிலில், காலையும் மாலையும் மட்டும், உச்சி நேரத்தைத் தவிர்த்து உலர்த்துங்கள். கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைக்கலாம். இதே வசம்புத் தூளைச் சமைக்கிற பருப்பில் கலக்காதீர்கள். அதைவிட முக்கியமானது, விதையும் சாப்பாட்டு உளுந்தும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. கடையில் வாங்கிய விதையில் மருந்து பூசியிருப்பார்கள். சிவப்பு, பச்சை என்று சாயம் தெரியும். விதைப்புக்குப் பின் மிஞ்சியதைக் கழுவி இட்லிக்குப் போடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கழுவினால் சாயம் போகும், மருந்து முழுவதும் போகாது. வீட்டு விதையாக இருந்தாலும் வேறு நிறச் சாக்கில் கட்டி, "விதை" என்று கரியால் எழுதி, வேறு அறையில் பரண்மேல் போட்டுவிடுங்கள். சமையலறைப் பக்கம் அது வரவே கூடாது. மாட்டுக்கும் வேண்டாம்.

ரேஷன் அரிசி வரும்போதே வண்டோடு வரலாம். நனைந்த நெல்லைத் திறந்தவெளியில் மழையில் அடுக்கி வைத்துவிட்டு, அதை அரைத்து நமக்கே அனுப்பினால் வேறு எப்படி வரும்? வருஷா வருஷம் டெல்டாவில் இதே காட்சி. கட்டியோ வாடையோ இருந்தால் வாங்காதீர்கள், 1967-இல் புகார் சொல்லுங்கள். வாங்கி வந்ததைச் சொந்த அரிசியோடு கலக்காமல் தனி டின்னில் வைத்து, இட்லி மாவுக்கு முதலில் அதைத் தீருங்கள். 100-க்கு 1 பங்கு, நிறம் சற்றே வேறான மணிகள் தெரிந்தால் அது பிளாஸ்டிக் அல்ல, சத்து சேர்த்த அரிசி. பொறுக்கி எறிய வேண்டாம்.

குட்டியானையில் "பழைய பொன்னி" என்று தெருவுக்கு வருகிற அரிசியிலும் கவனம் வேண்டும். 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 5 சதவீத வரி வந்த 2022-க்குப் பின் 26 கிலோ சிப்பம் பரவலாகிவிட்டது. சிப்பத்தில் போட்டிருக்கும் எடையை நம்பாமல் நிறுத்து வாங்குங்கள். சாக்கின் நடுவில் முழங்கை வரை கையை விட்டு எடுத்துப் பாருங்கள். கைக்குக் குளுமையாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது காயாத புது அரிசி.

இப்போது வீட்டில் வண்டு பிடித்துக் கிடப்பதை என்ன செய்வது? நிழலில் பரப்பிச் சலித்து, வண்டு ஓடிய பிறகு 2 கிலோ பையாகக் கட்டி, முடிந்த அளவு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் அரிசி வேர்த்துவிடும். ஃப்ரீசர் கொள்ளாததை இந்த மாதத்துக்குள் சமைத்துத் தீருங்கள். அடியில் கட்டி விழுந்து, மஞ்சளோ கறுப்போ பூத்த அரிசி மட்டும் வேண்டாம். அந்தப் பூசண நஞ்சு கழுவினாலும் வெந்தாலும் போகாது. கோழிக்கும் போடாமல், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.