கல்யாணகாமாட்சி என்று பெயர் வைக்கலாமா?

மாமியார் சொன்ன இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், பள்ளியில் "கல்யாணம்" என்று கேலி செய்வார்களோ என்று கேட்டிருந்தீர்கள். தருமபுரிக்காரர்களுக்கு இது புதிய பெயரே இல்லை. கோட்டையில், தொங்கும் தூணுக்குப் பேர்போன மல்லிகார்ஜுனர் கோயிலில் இருக்கும் அம்மன் பெயர்தான் கல்யாண காமாட்சி. உங்கள் மாமியார் மனதில் அவள்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் என்றால் வடமொழியில் முதலில் மங்கலம், நன்மை. திருமணம் அதன் ஒரு பொருள் மட்டுமே. காமாட்சியில் 'அக்ஷி' கண். விரும்பியதை அருளும் கண்ணுடையவள் என்பார்கள். 'கா' சரஸ்வதி, 'மா' லட்சுமி, இருவரையும் கண்களாகக் கொண்டவள் என்று சொல்வதும் உண்டு. எனக்கு இந்த விளக்கம்தான் பிடிக்கும்.

கல்யாணி, காமாட்சி இரண்டும் பாட்டி தலைமுறையில் தெருவுக்குத் தெரு கேட்ட பெயர்கள். சேர்த்து வைப்பதுதான் அபூர்வம். வகுப்பில் இன்னொரு கல்யாணகாமாட்சி இருக்க வாய்ப்பு குறைவு. கேலியா? கல்யாணி என்று கூப்பிட்டுப் பழக்குங்கள், பாதி தீர்ந்தது. மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்!

நான் யோசிப்பது நீளத்தைப் பற்றித்தான். ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரே சொல்லா, இரண்டா, 'க்ஷி'யா 'ட்சி'யா என்று முடிவு செய்து, ஆதாரிலும் அதையே கொடுங்கள். அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை.