அங்கோரின் வெட்டுகல்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் கம்போடியா சென்று, அங்கோரில் 4 நாட்களில் 11 கோயில்களைப் பார்த்தோம். இரண்டாம் நாளே பிள்ளைகள் சலித்துக் கைபேசியை எடுத்துவிட்டார்கள். தமிழர்கள் கட்டிய கோயில் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். நம் பண்பாட்டை இவர்களுக்கு எப்படி உணர்த்துவது? அடுத்த ஆண்டு ஜாவாவின் பிரம்பனான் கோயிலுக்குப் போகலாமா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

4 நாட்களில் 11 கோயில்கள் என்றால் பெரியவர்களே சலித்துப்போவார்கள். அதற்காகப் பிள்ளைகளை நோக வேண்டாம். ஆனால் ‘தமிழர்கள் கட்டியது’ என்று இனிமேல் அவர்களிடம் சொல்லாதீர்கள். அங்கோர் வாட்டைக் கட்டுவித்தவன் 12ஆம் நூற்றாண்டின் கெமெர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். அங்கோர் அரசர்களின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமெரிலும் இருக்கின்றன. விருந்துக்குப் போன வீட்டில் நின்றுகொண்டு, இது நம் தாத்தா கட்டியது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எந்த ஊர்ப் பண்பாடு?

உங்கள் கடிதம் எனக்கு அங்கோர் வாட்டின் வெளிமதிலை நினைவூட்டியது. சிற்பம் செதுக்குவதற்குக் குலேன் மலைப்பக்கத்திலிருந்து மணற்கல் கொண்டுவந்தவர்கள், அடித்தளத்துக்கும் சுமார் 4.5 மீட்டர் உயரமான அந்த மதிலுக்கும் வெட்டுகல்லை வைத்தார்கள். ஆம், நம் விளவங்கோட்டு வீடுகளில் இருக்கும் அதே வகைக் கல். அதற்கு லேட்டரைட் என்ற பெயர் வந்ததும் நம் பக்கத்திலிருந்துதான். மலப்புறத்தின் அங்காடிப்புறத்தில் கண்ட கல்லுக்கு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807இல் அப்பெயரை வைத்தார்.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, வீடு கட்டுவதற்காக அப்பா கொல்லையிலேயே கல் வெட்டச் சொன்னார். மண்ணுக்குள்ளிருந்து வந்த கல் ஈரமாக, சிவப்பும் மஞ்சளும் கலந்து, துளைகளில் வெளிறிய களிமண்ணோடு இருந்தது. ஒரு ஆணியால் என் பெயரின் முதலெழுத்தை அதில் எளிதாகக் கீறிவிட்டேன். வெயிலும் காற்றும் பட்டுக் கல்லிலுள்ள இரும்பு இறுகியபின், சுவர் எழுப்பும் நாளில் இரண்டாம் எழுத்தைக் கீறப் பார்த்தபோது அதே ஆணி வழுக்கியது. பல ஆண்டுகள் கழித்து அங்கோரின் மதிலைத் தொட்டபோது, அந்தத் துளைகளை என் விரல் முன்பே அறிந்திருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மார்த்தாண்டத்தில் வாழ்ந்துகொண்டு, ஒரு வெட்டுகல்லையாவது உங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டினீர்களா? கூப்பிடு தூரத்தில் திருவட்டாறு இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாள் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். திருமேனி முழுவதையும் காண 3 வாசல்களில் மாறிமாறி நிற்க வேண்டும். விஷ்ணுவுக்காக எழுப்பிய அங்கோர் வாட்டும் மேற்கு பார்த்த கோயில்தான். இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அங்கே போய்க் கைபேசியை எடுக்காது, உங்களிடம் கேள்வி கேட்கும்.

பிரம்பனானுக்குத் தாராளமாகப் போங்கள். சிவன் கோயில் ஒன்றுக்கே ஒரு முழு நாளை வையுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சமையலறை ஜன்னலுக்குக் கீழே பூச்சு உதிர்ந்த இடத்தில் அந்த ஒற்றை எழுத்து இன்னும் இருக்கிறது.