தென்கிழக்குச் சுலவேசியின் பஜோ மக்கள் கடலின் மேல் வாழ்வது ஏன்?

நிலம் கிடைக்காததால்தான் இந்தோனேசியாவின் தென்கிழக்குச் சுலவேசி மாகாணத்தில் பஜோ மக்கள் கடல்மேல் வீடு கட்டினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதி விடைதான். தலைமுறைகளாகப் படகையே வீடாகக் கொண்டு மீன் சென்ற திசையில் சென்ற இம்மக்கள், பிற்காலத்தில் ஓரிடத்தில் தங்கத் தொடங்கியபோதும், வலைக்கும் படகுக்கும் அருகில் இருக்கும்படி ஆழமற்ற பவளத்திட்டுகளின் மேல் பவளக்கற்களை அடுக்கி, மரக்கால்களை ஊன்றிக் குடியேறினர். கலேதுபா தீவை ஒட்டிய சம்பேலா அத்தகைய ஊர்.

கலேதுபா அடங்கிய தீவுக்கூட்டம் வகாதோபி; வங்கிவங்கி, கலேதுபா, தோமியா, பினோங்கோ ஆகிய தீவுகளின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர். தமிழில் எழுதினாலும் அது ஏறத்தாழப் பொருந்துவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது. இத்தீவுகளில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை; மண் மெல்லியது. ஆகவே நெல்லைவிட மரவள்ளியே முதன்மை உணவாயிற்று. அதைத் துருவிப் பிழிந்து, கூம்பாக ஆவியில் வேகவைக்கும் கசுவாமி அன்றாட உணவு. பஜோ மக்கள் மீனைக் கொடுத்துக் கரைவாசிகளிடம் கிழங்கு பெறுவது பழைய வழக்கம். குடிநீருக்கும் விறகுக்கும்கூட அவர்களுக்குக் கரை வேண்டும்.

பினோங்கோவின் கொல்லர்களால் இத்தீவுக்கூட்டத்துக்கு, கொல்லர் என்று பொருள்படும் துக்காங் பெசி என்ற பெயரும் உண்டு. 1996-இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்த ஏறத்தாழ 13.9 லட்சம் ஹெக்டேர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தைக் காக்க அது அவசியமே; ஆயினும் மீன்பிடி எல்லைகளை வகுக்கும்போது, அந்தக் கடலையே ஊராகக் கொண்டவர்களின் சொல்லுக்கு முதலிடம் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.