அமெரிக்க மலைப்பாதை ஒன்றில் தனியாக நடந்ததைப் பற்றி ‘வைல்டு’ என்ற நூலை எழுதிய ஷெரில் ஸ்ட்ரேடைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாதியில் வைத்துவிட்டேன். மேற்கொண்டு படிக்கலாமா?

உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி மூன்று புகார்கள் இருக்கின்றன. அவர் சுயநலக்காரர். மலைப்பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கிளம்பினார். கஷ்டமான பகுதியைப் பஸ்ஸில் தாண்டிவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டார். முதல் புகார் அவரவர் மனசைப் பொறுத்தது. இரண்டாவது முழுக்க உண்மை. மூன்றாவது தப்பு, அதை முதலில் பார்த்துவிடலாம்.

அவர் நடந்த பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மெக்சிகோ எல்லையில் தொடங்கி கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் வழியாகக் கனடா எல்லை வரை போகிறது. மொத்தம் சுமார் 4,265 கி.மீ. ஸ்ட்ரேட் 1995இல் தம் 26 வயதில் மொஹாவி பாலைவனப் பக்கம் ஏறி, கொலம்பியா ஆற்றின் மேலுள்ள ‘பிரிட்ஜ் ஆஃப் த காட்ஸ்’ பாலத்தில் முடித்தார். நடந்தது ஏறக்குறைய 1,770 கி.மீ. முழுப் பாதையையும் நடந்ததாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. அந்த வருஷம் வழியிலுள்ள சியெரா நெவாடா மலைத்தொடரில் பனி அளவுக்கு மீறிக் கொட்டியிருந்தது. பனிக்கோடரியைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. சரியும்போது உடனே குப்புறப் புரண்டு, கோடரியின் கூர்முனையை நெஞ்சின் பாரத்தால் பனியில் அழுத்தி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். அபாயமில்லாத சரிவில் பலமுறை விழுந்து பழகினால்தான் உடம்புக்கு அது வரும். அவர் கோடரி வாங்கியிருந்தார், அதைப் பிடிக்கவே தெரியாது. அப்படிப்பட்டவர் கென்னடி மெடோஸ் என்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, பஸ் ஏறி, வடக்கே சியெரா சிட்டி பக்கம் மறுபடி பாதையில் சேர்ந்தது இந்தப் பயணத்தில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு.

இரண்டாவது புகாரில் உங்கள் கட்சிதான் நானும். கிளம்புகிற நாள் காலையில் விடுதி அறையில் அவரால் தம் முதுகுப்பையைத் தரையிலிருந்து தூக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி பட்டைகளை மாட்டிக்கொண்டு, கைகால் ஊன்றித் தவழ்ந்து எழுகிறார். தண்ணீர் மட்டும் சுமார் 11 கிலோ. மலைநடைக்காரர்கள் பல நாள் பயணத்துக்குச் சொல்லும் கணக்கு, மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 12 கிலோ. தண்ணீரே அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டது! பாலைவனத்தில் அத்தனை தண்ணீர் தேவைப்படும் நாள் உண்டு. ஆனால் அதற்கு இடம் விட்டுத்தான் மற்ற சாமான்களைக் குறைக்க வேண்டும். அவர் பையிலோ மடக்கு ரம்பம், பைனாகுலர், கேமரா ஃபிளாஷ் எல்லாம் இருந்தன. கென்னடி மெடோஸில் அனுபவசாலியான ஒரு பெரியவர் பையைக் கொட்டி ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுகிற இடம் இந்நூலிலேயே உபயோகமான பகுதி.

சுமை கூடினால் என்ன ஆகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பையின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்க வேண்டியது இடுப்புப் பட்டை. அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், தோள்பட்டை வார்கள் பையை முதுகோடு ஒட்டி நிறுத்தினால் போதும். பாரம் அளவு மீறினால் பட்டை நழுவி அசைந்துகொண்டே இருக்கும். வியர்வையும் உப்பும் சேர்ந்து தோலை உரித்துவிடும். அவர் இடுப்பில் வந்த புண்கள் அப்படி வந்தவைதான்.

பூட்ஸ் விஷயம் இதைவிட மோசம். தொடர்ந்து நடக்கும்போது பாதம் வீங்கும், முதுகில் பாரம் இருந்தால் வளைவு தாழ்ந்து நீளமும் கொஞ்சம் கூடும். அதனால் வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் சாயங்காலம், நடக்கப்போகும் தடித்த சாக்ஸோடு. கயிற்றைக் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கயிற்றை இறுக்கி, சரிவான பலகையில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்பக்கம் முட்டினால் அந்த ஜோடி வேண்டாம். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் நகம் இடிபட்டு, அடியில் ரத்தம் கட்டி, கறுத்துக் கழன்றுவிடும். ஸ்ட்ரேடுக்கு நடந்தது இதுதான். பெரிய சைஸ் பூட்ஸுக்குச் சொல்லி, அது தபாலில் வந்து சேர்வதற்குள், பழையதில் ஒன்று சரிவில் உருண்டு போய்விட்டது. ஆத்திரத்தில் மற்றதையும் தூக்கி எறிந்துவிட்டு, செருப்பில் டக்ட் டேப் என்ற பலமான ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

அடுப்பிலும் இதே கதை. சுத்திகரித்த வெள்ளை பெட்ரோல் ஊற்ற வேண்டிய அடுப்பில் வேறு பெட்ரோலை ஊற்றிவிட்டார். வண்டி பெட்ரோலில் கலந்திருக்கும் பொருட்கள் சரியாக எரியாமல் கரியாகப் படிந்து, ஊசித்துவாரத்தை அடைத்துவிடும். வீட்டில் ஒரு தடவை பற்றவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் நாள்கணக்கில் ஆறிப்போன கூழைத் தின்றார். ஹேட் கிரீக் ரிம் பகுதியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போன தொட்டி காலி. வறண்ட பாதையில் அடுத்த நீர்நிலை ஏமாற்றினால் அதற்கடுத்தது வரை தாங்கும் அளவு கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பணமும் அப்படித்தான்: வழியிலுள்ள அஞ்சலகங்களுக்கு முன்கூட்டி அனுப்பிய பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் 20 டாலர் வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் கையில் இருந்தது 65 சென்ட்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதியதால். 2012இல், நடந்து 17 வருஷம் கழித்து, தம்மைத் திறமைசாலியாகக் காட்டிக்கொள்ள எல்லா வசதியும் இருந்தும் அவர் அதைச் செய்யவில்லை. நல்ல கணவருக்குச் செய்த துரோகம், ஹெராயின், 45 வயதில் புற்றுநோயில் இறந்த அம்மாவின் குதிரையைச் சுட்டுக் கொன்ற விதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குதிரைக் காட்சியைப் படித்து வாசகர்கள் அவரை வெறுப்பது எனக்குப் புரிகிறது. அது கொடுமையான சாவு, நல்ல ஆட்களை வைத்துச் செய்திருக்க வேண்டிய காரியம். ஆனால் நூலிலேயே எழுத்து மிகவும் நேராக நிற்பதும் அங்கேதான்.

எனக்குள்ள குறை வேறு. வழியில் சந்திக்கும் மனிதர்கள் பலரும் அவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்காக மட்டுமே பக்கத்தில் வருகிறார்கள், அதோடு மறைந்துவிடுகிறார்கள். மலை, மரம், பாறை பற்றியும் ஆழமாக ஏதும் இல்லை. இயற்கையைத் தேடிப் போகும் வாசகருக்கு ஏமாற்றம்தான். 2014இல் இந்நூல் படமாக வந்த பிறகு இப்பாதைக்கு அனுமதி கேட்டவர்கள் வெகுவாகக் கூடினார்கள். நூலைப் பார்த்துச் சாமான் கட்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்பதுதான் கவலை.

எனவே, நடக்கிற உத்தேசம் உங்களுக்கு இருந்தால் கென்னடி மெடோஸ் பகுதியையும் பூட்ஸ் தொலையும் பகுதியையும் மட்டும் படியுங்கள். அம்மாவை இழந்த ஒரு பெண்ணின் கதையாகப் படிக்க முடிந்தால் கடைசிவரை போகலாம். அந்தக் குரலே எரிச்சல் மூட்டுகிறது என்றால் தாராளமாக மூடிவிடுங்கள், கடைசிப் பக்கம் வரை அந்தக் குரல் மாறப்போவதில்லை.